மீதி நான்கு மாத்திரைகள்

டப்.

அலுமினியத் தாளைக் கிழித்துக்கொண்டு ஒரு மாத்திரை உள்ளங்கையில் விழும் சத்தம். உங்கள் வீட்டிலும் தினம் கேட்கிற சத்தம்தான். பக்கத்து வீட்டில் யாரோ சாப்பிட்டு முடித்து அட்டையை அழுத்துகிறார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் என் முதுகு நிமிர்ந்துவிடுகிறது. அடுத்து தம்ளர் கீழே வைக்கும் ஓசை வர வேண்டும். பிறகு ஒரு செருமல். பிறகு யாராவது யாரையாவது கூப்பிட வேண்டும். எல்லாம் வந்த பிறகுதான் நான் பிடித்திருந்த மூச்சை விடுகிறேன்.

கவுண்டரை விட்டு வந்து இரண்டு வருடம் ஆகிறது. ஐம்பத்து மூன்று ஓய்வு பெறுகிற வயதில்லைதான். ஆனால் கண் நரம்பு தளர்கிறது என்று டாக்டர் சொன்ன அன்றே சாவிக்கொத்தை நஸ்ரீனிடம் கொடுத்துவிட்டேன். மாத்திரையின் நடுவில் ஓடும் ஒரு மெல்லிய கோட்டைப் பார்க்க முடியாதவன் அந்தப் பலகைக்குப் பின்னால் நிற்கக் கூடாது. ஒரு கோடு என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். புதிதாக இந்தத் தொழிலுக்கு வந்திருக்கும் உங்களுக்கு அதைத்தான் எழுதுகிறேன். மாத்திரையைப் பொட்டலம் கட்டும் மிஷின் வாங்கலாமா என்று உங்களில் சிலர் என்னைக் கேட்டிருந்தீர்கள். வாங்குங்கள். ஆனால் இதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

என் மெடிக்கல் ஆம்பூரில், பஜார் முடிந்து தெரு குறுகும் இடத்தில். காற்று பாலாற்றுப் பக்கமிருந்து திரும்பினால் ஈரத் தோலின் வாடை உள்ளே வரும். உள்ளேயிருந்து வைட்டமின் மாத்திரையின் கசந்த வாடை வெளியே போகும். வாசற்படியில் இரண்டும் சந்தித்துக்கொள்ளும். அந்தப் படியில் ஏறி வருகிறவர்களில் பாதிப் பேர் ஷூ கம்பெனிகளில் வேலை செய்கிறவர்கள். முழு அட்டை வாங்க மாட்டார்கள். "ஆறு குடுங்க, மீதி நாலு இருக்கட்டும், வந்து வாங்கிக்கிறேன்" என்பார்கள். நான் கத்தரியால் வெட்டி, மீதித் துண்டை ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டு வைப்பேன். அதற்குத் துண்டு டப்பா என்று பெயர். அடுத்த முறை வேறு அட்டையிலிருந்து கொடுத்தால் வாங்க மாட்டார்கள். அதே அட்டையின் மீதிதான் வேண்டும். வீட்டில் இருக்கிற வயசானவர்கள் அந்த நிறத்தை, அந்தப் பளபளப்பை நம்புகிறார்கள். வெட்டிய துண்டுகளில் பாதிக்குப் பெயர் இருக்காது. பெயர் அச்சான பகுதி வாங்கியவரோடு போயிருக்கும். எந்தத் துண்டு யாருடையது என்பது என் மண்டைக்குள் மட்டும் இருந்தது.

நாங்கள் இப்படித்தான் பிழைத்தோம். அப்போது பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு பெரிய மருந்துக்கடை வந்தது. கண்ணாடிக் கதவு, ஏசி, வீடு தேடி வரும் பைக்குகள். சாயங்காலங்களில் அந்தக் கதவு திறந்து மூடுவதை நான் எதிர்ப்பக்கம் நின்று பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் என் ஆட்களில் ஒருவர் உள்ளே போகிற மாதிரி இருக்கும்.

மிஷின் வாங்கியது அந்தப் பயத்தில்தான். பயத்தில் வாங்குகிற எதையும் நாம் பெருமையாகத்தான் காட்டிக்கொள்வோம். நானும் மாலை போட்டு, குங்குமம் வைத்து, வாசலில் பலகை எழுதி வைத்தேன். ஆள் உயரத்துக்கு ஒரு பெட்டி. உள்ளே நாற்பது கேசட். ஒரு மருந்துக்கு ஒன்று, உள்ளங்கை அகல டப்பா. அட்டையிலிருந்து மாத்திரைகளை அழுத்தி எடுத்து அதில் கொட்டி வைக்க வேண்டும். ஆளின் பெயரைத் தட்டினால், அவர் காலையில் போட வேண்டியதை ஒரு கண்ணாடித்தாள் பொட்டலத்திலும் இரவு போட வேண்டியதை இன்னொன்றிலுமாக, ஒரு மாதத்துக்கும் சேர்த்து நீளச் சரமாகக் கட்டித் துப்பும். கண் தெரியாதவர்கள், தனியாக இருப்பவர்கள், பிள்ளைகள் துபாயில் இருப்பவர்கள் எல்லாருக்கும் அந்தச் சரம் பிடித்துப்போனது. ஒரு அம்மா அதைக் கழுத்தில் போட்டுப் பார்த்து, "நல்லாத்தான் கீது, தங்கத்துல செஞ்சு குடுப்பீங்களா?" என்றார்.

இங்கே நஸ்ரீனைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாணியம்பாடிக்காரர், என் கடையின் பார்மசிஸ்ட். பதினோரு வருடம் என்னோடு நின்றவர். மிஷினை மாட்ட வந்த இன்ஜினியர் இரண்டு நாள் சொல்லிக்கொடுத்ததை ஒரு வரி விடாமல் நோட்டில் எழுதிக்கொண்டவர் அவர்தான். முழு அட்டையை மட்டும் பிரிக்க வேண்டும், பெயரைப் பார்த்துவிட்டுப் பிரிக்க வேண்டும் என்பது அந்த நோட்டின் முதல் வரி. நான் அப்போது டீ வாங்கி வரச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அன்றைக்குக் காலை மிஷின் கத்தியது. பிரஷர் மாத்திரை கேசட் காலி. முழு அட்டைகளைப் பிரித்துக் கொட்டினேன். துண்டு டப்பாவில் நாலு மாத்திரைத் துண்டு ஒன்று கிடந்தது. முன்பக்கம் வெள்ளை மாத்திரை. பின்பக்கம் வெட்டுப்பட்ட எழுத்துகள், ஓரத்தில் 5 என்ற எண். அதையும் எடுத்தேன்.

"சார், துண்டை மிஷின்ல போடாதீங்க" என்றார் நஸ்ரீன். "பேர் இல்ல."

"அஞ்சுன்னு போட்டிருக்கு பாருங்க. பிரஷர் மாத்திரைதான்."

"அஞ்சு எத்தனையோ அட்டையில இருக்கு."

"இருபத்தேழு வருஷமா இதத்தான் பாக்குறேன் நஸ்ரீன். கண்ண மூடிட்டுச் சொல்லுவேன்."

"தொறந்துட்டே சொல்லுங்க சார், அது போதும்."

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுத்தினேன். டப், டப், டப், டப்.

நான்கு மாத்திரைகளும் மற்ற நூற்றுக்கணக்கான வெள்ளை மாத்திரைகளுக்குள் புகுந்துகொண்டன. மூடியை மூடினேன். மிஷின் பழையபடி முனக ஆரம்பித்தது. நான் கணினி முன்னால் உட்கார்ந்து பெயர்களைத் தட்டினேன்.

மதியத்துக்கு மேல் செல்வி வந்தாள். மாதனூர்ப் பக்கத்துப் பெண், ஷூ கம்பெனியில் தையல் லைனில் இருக்கிறாள். படியேறும்போதே குரல் வந்துவிட்டது.

"அண்ணா, மாமியாரோட சுகர் மாத்திரை மீதி குடுங்க. பர்மிஷன் போட்டுட்டு வந்திருக்கேன். சூப்பர்வைசர் மூஞ்சியப் பாத்தா நாளைக்கு எனக்கே பிரஷர் மாத்திரை வேணும்."

"எத்தனை?"

"இன்னாண்ணா, மறந்துட்டீங்களா? ஆறு வாங்கிட்டுப் போனேன். நாலு உங்ககிட்ட இருக்கட்டும்னு நீங்கதான வெட்டி வெச்சீங்க?"

பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன். ஒவ்வொரு துண்டாகப் புரட்டினேன். அவளுடையது இல்லை. மறுபடியும் புரட்டினேன். விரல்கள் தேடிக்கொண்டிருந்தன, எனக்கு அதற்குள் தெரிந்துவிட்டது.

"காலி அட்டை வெச்சிருக்கியாம்மா?"

அவள் பர்ஸிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். ஆறு குழிகள், எல்லாம் கிழிந்தவை, நடுவில் சர்க்கரை மாத்திரையின் பெயர். நான் மேஜைக்கு அடியிலிருந்து குப்பைப் பையை இழுத்தேன். எனக்குத் தொழில் காட்டியவர் காலி அட்டைகளை மறுநாள் காலையில்தான் வெளியே கொட்ட விடுவார். ஏன் என்று அவரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. கை மட்டும் பழகிப்போயிருந்தது. காலையில் அழுத்திய நாலு குழித் துண்டு அடியில் கிடந்தது. இரண்டையும் கண்ணாடிப் பலகைமேல் வைத்து ஒட்டினேன். என் கத்தரியின் அலகில் ஒரு பல் உடைந்திருக்கும். அது வெட்டுகிற எதிலும் ஒரு சின்னப் பொக்கை விழும். இந்தத் துண்டின் பொக்கையில் அந்தத் துண்டின் முனை போய் உட்கார்ந்தது. வெட்டுப்பட்டிருந்த எழுத்துகள் சேர்ந்து ஒரு பெயராயின.

"இன்னாச்சுண்ணா?" என்றாள் செல்வி.

நஸ்ரீன் எட்டிப் பார்த்தார். நேராகப் போய்ச் சுவரில் மிஷினின் சுவிட்சை அணைத்தார். அந்த முனகல் நின்றதும் கடை எவ்வளவு அமைதியான இடம் என்று தெரிந்தது.

"கேசட் ரொப்பினதுக்கு அப்புறம் எத்தனை பேருக்கு ஓடிச்சு சார்?"

"நாலு பேர்."

"எத்தனை சரம் வெளிய போச்சு?"

"ரெண்டு."

அந்தச் சர்க்கரை மாத்திரை வீரியமானது. சர்க்கரை நோய் இல்லாதவர் உடம்புக்குள் அது போனால், இருக்கிற சர்க்கரையை இறக்கிக்கொண்டே போகும். சாப்பிடாமல் படுத்தால் இன்னும் வேகமாக. தூக்கத்தில் அது நடந்தால் பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது. உங்களுக்குப் பாடப்புத்தகத்தில் இது ஒரு வரி. எனக்கும் அதுவரை ஒரு வரிதான்.

கேசட்டைத் தட்டில் கவிழ்த்தோம். இரண்டும் ஒரே வெள்ளை, ஒரே வட்டம். சர்க்கரை மாத்திரையின் நடுவில் மட்டும் பாதியாக உடைப்பதற்கு ஒரு கோடு. நானும் நஸ்ரீனும் இரண்டு பக்கமும் குனிந்து, ஒவ்வொன்றாக நகர்த்தினோம். ஒன்று கிடைத்தது. கடையிலேயே வாங்கப்படாமல் இருந்த இரண்டு சரங்களை விளக்குக்கு எதிரே பிடித்து, பொட்டலம் பொட்டலமாகப் பார்த்தோம். இன்னொன்று கிடைத்தது.

இரண்டு வெளியே இருந்தன. சரம் வாங்கிப்போன ஸ்டெல்லா டீச்சரிடம், அல்லது முனுசாமியிடம். இருவருக்கும் பிரஷர் மட்டும்தான், சர்க்கரை கிடையாது. இருவரும் அந்த மாத்திரையை இரவுப் பொட்டலத்தில் போடுகிறவர்கள். மணி நாலரை.

இப்போது நான் செய்ததைச் சொல்கிறேன். இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்வதில் அர்த்தமில்லை. ஸ்டெல்லா டீச்சருக்குப் போன் போட்டேன். ரிடையர் ஆன பள்ளி ஆசிரியை, சர்ச்சுக்குப் பின்னால் வீடு. அவர் "சொல்லு தம்பி" என்றதும் என் வாயிலிருந்து வந்தது இது:

"டீச்சர், ஒண்ணுமில்ல, அந்தச் சரத்துல ஸ்டிக்கர் கொஞ்சம் மாறிடுச்சு. மாத்திக் குடுத்துடறேன்."

"ஸ்டிக்கர்தான? நாளைக்கு அந்தப் பக்கம் வரும்போது தர்றேன்பா."

"சரிங்க டீச்சர்" என்றேன்.

ஆமாம். சரி என்றேன். அந்த நொடியில் என் கண்முன் நின்றது டீச்சரின் முகமில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே திறந்து மூடும் அந்தக் கண்ணாடிக் கதவு. ஆம்பூர் பஜாரில் ஒரு வார்த்தை இந்த முனையில் விழுந்தால் டீ ஆறுவதற்குள் அந்த முனைக்குப் போய்விடும். 'அந்த மெடிக்கல்ல மிஷின் மாத்திரைய மாத்திப் போடுதாம்.' அவ்வளவுதான், கடை போச்சு. பயத்துக்கு ஒரு குணம் உண்டு. அது நம் வாயில் மென்மையான சொற்களை வைக்கும். எதிரே இருப்பவர் பயப்படக் கூடாது என்று நாம் நினைத்துக்கொள்வோம். அவர் பயப்பட வேண்டிய நேரம் அது.

நஸ்ரீன் என் கையிலிருந்து போனை வாங்கினார். பிடுங்கினார் என்றே சொல்லலாம்.

"டீச்சர், நஸ்ரீன் பேசறேன். உங்க பொட்டலத்துல தப்பான மாத்திரை கலந்திருக்கலாம். ஒண்ணுகூட வாயில வெக்காதீங்க. சார் இப்பவே வர்றார், நீங்க கேட்டுல நில்லுங்க."

வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பதினோரு வருடத்தில் அப்படி ஒரு பார்வையை நான் வாங்கியதில்லை.

"கடை போனா வேற கடை வெக்கலாம் சார்" என்றார். "முனுசாமி அய்யாவுக்கு நான் போடறேன்."

முனுசாமியின் போன் அணைந்திருந்தது. மூன்று தடவை போட்டார். மூன்று தடவையும் அதே பெண் குரல், அதே நிதானம்.

முனுசாமிக்கு எழுபது வயது. தோல் மண்டியில் வேலை பார்த்து ஓய்ந்தவர். மனைவி போன வருடம் போய்விட்டார். ஒரு வேளை வடித்து அதையே வைத்துச் சாப்பிடுவார். பல நாள் இரவில் டீயோடு சரி. மாத்திரையைப் போட்டுக்கொண்டு இருட்டும் முன்னே படுத்துவிடுவார். இதெல்லாம் அவரே சொன்னது, என் கவுண்டரில் சாய்ந்துகொண்டு. தட்டி எழுப்ப அந்த வீட்டில் ஆளில்லை.

செல்வி இன்னும் படியிலேயே நின்றுகொண்டிருந்தாள். எல்லாம் அவளுக்குப் புரிந்திருந்தது.

"முனுசாமி தாத்தாவா? எங்க தெருவுக்கு அடுத்த தெரு அண்ணா" என்றவள், வீட்டுக்குப் போன் போட்டாள். மாமியார் கம்பை ஊன்றிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னது எனக்கே கேட்டது: "வீடு பூட்டிகீதுடி. ஆளைக் காணோம்."

வண்டிச் சாவியை எடுத்தேன். சாவி துளைக்குள் போகவில்லை. செல்வி என் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டாள். "பின்னால ஏறுங்கண்ணா. இந்தக் கையோட நீங்க ஹைவேஸ்ல ஏறினா ஆஸ்பத்திரிக்குப் போற ஆளு ரெண்டாயிடும்."

டீச்சர் கேட்டில் நின்றுகொண்டிருந்தார். சரத்தை வானத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். முப்பது இரவுகள். எதிலும் கோடில்லை. திரும்பி இன்னொரு தடவை பார்த்தேன். இல்லை.

"அப்போ எனக்கு ஒண்ணும் இல்லியே?" என்றார் டீச்சர்.

"இல்ல டீச்சர்."

"முதல்ல ஸ்டிக்கர்னு சொன்னியே, அது யாரு சொல்லிக்குடுத்தது தம்பி?"

சரத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறினேன். அவரிடம் தப்பு இல்லை என்றால், இரண்டும் முனுசாமியிடம்.

ஆம்பூரிலிருந்து மாதனூர் வரை அந்த ரோடு உங்களுக்குத் தெரியும். ஐந்தரைக்குக் கம்பெனிகள் விடும். பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக ரோட்டில் ஏறும். ஒவ்வொரு ஜன்னலிலும் தலை சாய்த்துத் தூங்கும் ஒரு முகம். அன்றைக்கு எனக்கு அந்த முகங்கள் எல்லாம் எழுப்ப முடியாத தூக்கத்தில் இருப்பதாகத் தெரிந்தன. செல்வி பஸ்களுக்கு இடையில் நுழைந்து நுழைந்து ஓட்டினாள். நான் பின்னால் உட்கார்ந்து மனசுக்குள் அந்த நாலு சத்தத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தேன். வெயில் தணிந்து, ரோட்டோரத் தென்னைகளின் நிழல் நீண்டு எங்கள்மேல் விழுந்து விழுந்து எழுந்தது. ஒவ்வொரு நிழலிலும் மணி ஒன்று கூடுவது போலிருந்தது.

முனுசாமியின் வீட்டில் பூட்டு தொங்கியது. எதிர்வீட்டுக்காரர், "இந்நேரத்துக்குக் கம்பெனி பஸ் நிக்கிற இடத்துல இருப்பாரு. தெனமும் போய் பஸ்ஸ எண்ணிட்டு வருவாரு, இவருக்கு இன்னா பேஜாரோ" என்றார்.

முனுசாமி அங்கே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முன்னால் காலி கிளாஸ். பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்தார்.

"இன்னா சார், இவ்ளோ தூரம்?"

"மாத்திரை போட்டீங்களா?"

"இப்பத்தான். டீயோட முழுங்கினேன். சரம் பாக்கெட்லயே கீது பாருங்க, மறக்கவே முடியாது. நல்ல மிஷின் சார்."

சட்டைப் பையிலிருந்து சரத்தை எடுத்துக் கொடுத்தார். முதல் இரவுப் பொட்டலம் கிழிந்து, காலியாக, ஒழுங்காக மடிக்கப்பட்டிருந்தது. மீதி இருபத்தொன்பதையும் பார்த்தேன். பதினேழாவதில் கோடு போட்ட மாத்திரை ஒன்று இருந்தது. கடைசிவரை பார்த்தேன். வேறு எதிலும் இல்லை.

நான்காவது எங்கே என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் கேட்டேன்.

"அந்த மாத்திரை எப்படி இருந்துச்சு?"

"கோடு இருந்துச்சு சார்" என்றார் சர்வசாதாரணமாக. கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். நகம் தடித்து மஞ்சளாக இருந்தது. "மண்டில முப்பது வருஷம் தோல் தரம் பிரிச்ச வெரலு. கண்ணு கம்மியாப் போச்சு, இது போகல. நகத்துல கோடு இடிச்சுது. நம்ம மாத்திரைல கோடு இல்லியேன்னு நெனச்சேன்."

"அப்புறம் ஏன் போட்டீங்க?"

"மிஷினு கட்டினது, நீங்க குடுத்தது. அதுல தப்பு வருமா? என் வெரலுக்குத்தான் வயசாயிடுச்சுன்னு போட்டுட்டேன்."

அன்றிலிருந்து மனசுக்குள் எத்தனையோ தடவை இந்தப் பதிலுக்கு எதிரே போய் நின்றிருக்கிறேன். என் கவுண்டரில் அட்டையாக வாங்கிய காலத்தில் இதே மனிதர், "இது என்னுது இல்ல சார், வேற கலரு" என்று திருப்பிக் கொடுத்திருக்கிறார். என் கை தவறினால் அவர் விரல் பிடித்துக்கொள்ளும். மாத்திரைக்கு மேலே இருந்த அட்டையை உரித்து, பெயரை உரித்து, அழகான பொட்டலத்தில் போட்டு, அந்த விரலை வாயடைக்கச் செய்தது நான்தான். மிஷின் எதையும் மாற்றிப் போடவில்லை. கொட்டியதைக் கட்டியது.

அவர் நன்றாகத்தான் இருந்தார். சிரித்தார், செல்வியிடம் மாமியாரைப் பற்றி விசாரித்தார். அங்கேயும் எனக்கு ஒரு பயந்தாங்கொள்ளி யோசனை வந்தது. ஒரே ஒரு மாத்திரைதானே. நாலு ஸ்பூன் சர்க்கரை கொடுத்து, சோறு சாப்பிட வைத்து, வீட்டிலேயே பார்த்துக்கொண்டால் என்ன? ஊருக்குத் தெரியாமல் முடிந்துவிடுமே.

நான் அதைச் சொல்ல வாயெடுத்தபோதே செல்வி ரோட்டில் வந்த ஒரு ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்திவிட்டாள்.

"அண்ணா, என் மாமியாருக்கு ஒருவாட்டி சுகர் இறங்குச்சு. பேசிட்டே இருந்தாங்க. பேசிட்டே இருக்கும்போதே கண்ணு சொருகிடுச்சு. ஏறுங்க."

"எனக்கு இன்னாம்மா ஆச்சு? சோறு வடிச்சு வெச்சிட்டு வந்திருக்கேன்" என்றார் முனுசாமி.

அவர் கையைப் பிடித்தேன். "தப்பு மாத்திரை குடுத்துட்டேன் அய்யா. சர்க்கரை மாத்திரை. என் தப்பு. ஆஸ்பத்திரிக்குப் போவணும்."

அன்றைக்கு நான் பேசிய முதல் உண்மை அது. டீ மாஸ்டர் கேட்டார். பெஞ்சில் இருந்தவர்கள் கேட்டார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கிய பத்துப் பேர் கேட்டார்கள். டீ மாஸ்டர் கிளாஸில் பாதிக்குச் சர்க்கரையைக் கொட்டி, தண்ணீர் ஊற்றிக் கலக்கி முனுசாமியிடம் கொடுத்தார்.

ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர். மருந்தின் பெயரைச் சொன்னேன், எத்தனை, எந்த நேரம் என்று சொன்னேன். "யார் குடுத்தது?" என்று கேட்டார். "நான்தான். என் கடை" என்றேன். நிமிர்ந்து ஒரு தடவை பார்த்தார். விரலில் குத்திப் பார்த்த முதல் சர்க்கரை அளவு நன்றாகவே இருந்தது. "பாத்தியா, ஒண்ணுமில்ல" என்று செல்வியிடம் சொல்லக்கூடச் செய்தேன்.

ஒரு மணி நேரம் ஆகியிருக்காது. முனுசாமியின் நெற்றி வேர்த்தது. விரல்கள் போர்வையைத் தடவ ஆரம்பித்தன, தோலின் நயம் பார்ப்பது மாதிரி, ஓரத்திலிருந்து நடுவுக்கு. "மழ வருது, தோலு நனையுது, எடுத்து உள்ள போடு கண்ணம்மா" என்றார். கண்ணம்மா அவர் மனைவி. நர்ஸ் ஓடினார். குளுக்கோஸ் ஏற்றினார்கள். மறுபடி குத்திப் பார்த்த டாக்டர் என் பக்கம் திரும்பினார்.

"வீட்டுல படுத்திருந்தார்னா..." என்றார். அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. பக்கத்து வீட்டில் டப் என்று கேட்கும்போதெல்லாம் நான் முடித்துக்கொண்டிருக்கிறேன்.

மறுநாள் மதியம் வரை கூடவே இருந்தேன். ஏறும், இறங்கும், மறுபடி ஏற்றுவார்கள். அந்த மருந்து அவ்வளவு லேசில் விட்டுப் போகாது. கடையை நஸ்ரீன் பார்த்துக்கொண்டார். துண்டு டப்பாவை எடுத்து ஒளித்து வைத்துவிட்டதாகப் போனில் சொன்னார். "அதுல இருக்கிறவங்க மீதி?" என்றேன். "பேர் இல்லாத துண்டு யாருக்கும் இல்ல சார். புது அட்டை வெட்டிக் குடுக்கறேன், பேர் எழுதி" என்றார்.

பஜாருக்குச் செய்தி நான் பயந்ததைவிட வேகமாகப் போயிருந்தது. சிலர் அப்புறம் வரவே இல்லை. ரோட்டில் பார்த்தால் சிரிப்பார்கள், கையில் அந்தப் பெரிய கடையின் பை இருக்கும். ஸ்டெல்லா டீச்சர் வந்தார். ஒவ்வொரு மாதமும் சரத்தைக் கவுண்டரிலேயே பிரித்து, மூக்குக்கண்ணாடியைப் போட்டு, முதல் பொட்டலத்தை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் போவார். பிறகு அதையே எல்லாரையும் செய்யச் சொன்னோம். மாத்திரை எப்படி இருக்கும், கோடு உண்டா, நிறம் என்ன என்று பொட்டலத்தின் மேலேயே அச்சடிக்கச் செய்தார் நஸ்ரீன். மிஷினை விற்கவில்லை. அது இன்றும் அங்கே முனகிக்கொண்டுதான் இருக்கிறது. அதற்குள் எதைக் கொட்டலாம் என்று முடிவு செய்யும் கைக்குத்தான் பயம் வேண்டும். எனக்கு அது ஒரு நாள் தாமதமாக வந்தது. உங்களுக்கு முதல் நாளே வரட்டும்.

அந்த மறுநாள் மதியம் ஆஸ்பத்திரியிலிருந்து முனுசாமியை ஆட்டோவில் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். பூட்டு அப்படியே தொங்கியது. சாவியை அவர் பாக்கெட் பாக்கெட்டாகத் தேடினார்.

"இனிமே மாசாமாசம் சரத்த நானே கொண்டுவந்து குடுக்கறேன் அய்யா" என்றேன். "பொட்டலம் பொட்டலமாப் பாத்து."

"வேணாம் சார்."

முடிந்தது என்று நினைத்தேன். இருபத்தேழு வருடத்தில் சம்பாதித்தது அந்த ஒரு சொல்லில் முடிந்துவிட்டது. திரும்பக்கூடத் தோன்றாமல் நின்றேன். அவர் கதவைத் திறந்து, உள்ளே ஒரு காலை வைத்து, நிலையைப் பிடித்துக்கொண்டு திரும்பினார்.

"அட்டையாவே குடுங்க. தடவிப் பாத்துக்கறேன். இன்னொருவாட்டி கோடு இடிச்சுதுன்னா முழுங்க மாட்டேன், உங்களுக்குப் போன் போடுவேன்." சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, அதன் பித்தானை அந்தத் தடித்த கட்டைவிரலால் வெளிச்சம் வரும்வரை அழுத்தினார். "தொறந்தே வெக்கறேன் சார். நீங்க எடுப்பீங்கல்ல?"

"எடுப்பேன்" என்றேன்.